கிளட்ச் இல்லாத வண்டி

அட, அங்கன தடவாதீக தம்பி. இந்த பைக்குக்கு அந்தக் கையில கிளட்ச்சே கிடையாது, கியரு தானா விழும். வர்ற ஆளு பூராம் ஏறி ஒக்காந்ததும் அதத்தான் தேடுறீக. நேத்து கம்பத்துல இருந்து ஒருத்தரு வந்தாரு, பெரிய மீசையும் ஜாக்கெட்டுமா. இல்லாத கிளட்ச்ச நாலு தடவ அமுக்கிட்டு வண்டில ஏதோ கோளாறுங்கிறாரு. எனக்கு வந்த சிரிப்புக்கு!

எது, அந்தக் கம்பியா? அது நிப்பாட்டி வைக்கிற பிரேக்கு. எஞ்சின அமத்திட்டா இது கியர்ல நிக்காது. இறக்கத்துல அதப் போடாம எறங்குனா, நீங்க ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். யூட்யூப்ல பாத்துட்டுத்தான் வந்தீகளா? சரித்தான், அப்ப எனக்கென்ன வேல.

இந்தாங்க ஆர்.சி. புக்கு. ஞானசிகாமணின்னு இருக்குல்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரரு. இந்தச் சின்னமனூர் பஜாருல பம்ப்செட்டுக் கடை. அம்பத்தெட்டு வயசுல ஊரு சுத்துற வண்டி கேட்டாக. ரெண்டு பக்கமும் பொட்டி, முன்னால கண்ணாடி, கனம் கால் டன்னு. வயக்காட்டுக்குப் போயி மோட்டார் கழட்டுற மனுசனுக்கு இது எதுக்குங்கிறேன்.

அதுக்கு முன்னாடி நல்ல வண்டி நின்னுச்சு. இருவது வருசமா ஓட்டுன வண்டி. மேகமல வளைவு பூராம் பேசிக்கிட்டே ஏத்துவாக. திடீர்னு ஒரு நாளு எடது கை வலிக்குது, கிளட்ச்சப் பிடிக்க முடியலன்னாக. டாக்டருகிட்ட வாங்கன்னா வரமாட்டேன்னுட்டாக. கை வலிக்கு வண்டிய மாத்துற ஆள நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?

நாலு மாசம் தேடுனாக. கோயமுத்தூரு, திருச்சூரு, கடைசில கொச்சியில ஒரு டாக்டரு வண்டி. மெக்கானிக் அழகரையும் கூட்டிட்டுப் போனாக. அவன் முன்னாடி ஃபோர்க்குல எண்ணெ கசியுதுண்ணே, செயின் தொங்குதுண்ணே, டயரு மொட்டையா இருக்குண்ணேன்னு கத்துறான். காதுலயே வாங்கல. கியரு தானா விழுதான்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாகளாம். கேரளா நம்பர நம்ம நம்பரா மாத்த ஆறு மாசம் அலஞ்சாக. அழகரு அந்தக் கசிவ அடச்சதெல்லாம் அப்புறந்தான்.

நானுஞ் சும்மா இருக்கல. இதுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிருக்கலாம், சந்தைக்காச்சும் ஆகும்னேன். கடையில இருந்தவுகெல்லாம் சிரிச்சாக. அவுக பாட்டுக்கு வண்டியத் தொடச்சிக்கிட்டே இருந்தாக.

ஓட்டுறதா? ஆத்தாடி! மொத மொத மேகமலைக்குப் போனப்ப மூணாவது வளைவுலயே விழுந்து கெடந்தோம். வளைவுல மெதுவாப் போறப்ப பின் பிரேக்க லேசா மிதிச்சே வச்சிருக்கணும், அப்பத்தான் வெட்டாம போகும். நீங்க பாத்த வீடியோவுல அதச் சொன்னானா? சொல்லிருக்க மாட்டான். எஸ்டேட்டுக்குக் கொழுந்து எடுக்கப் போன பொம்பளைக எறங்கி வந்து தூக்கிவிட்டாக. வர்ற வழி பூராம் திட்டிக்கிட்டே வந்தேன்.

அப்புறம் பழகிட்டாக, அது நெசந்தான். குமுளி, வாகமண்ணுன்னு என்னைய வச்சே போனாக. நான் முதுகு வலிக்குதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வருவேன்.

ஏன் விக்கிறோமா? எடம் பத்தலன்னு தான் எல்லாத்துட்டயும் சொல்றேன். மீசக்காரருகிட்டயும் அதான் சொன்னேன்.

போன மாசம் ஒரு சாமான் வாங்க வீரபாண்டிக்குன்னு கெளம்புனாக. சாயந்தரம் குமுளி செக்போஸ்ட்ல இருந்து மலையாளத்துல போனு. ஒரு ஆளு வண்டிமேலயே ஒக்காந்திருக்காரு, எங்க போகணும்னு கேட்டா முழிக்கிறாருன்னு. வீரபாண்டி வடக்க இருக்கு. குமுளி தெக்க.

மதுரையில டாக்டரு எப்பருந்து இப்பிடின்னு என்னையத்தான் கேட்டாரு. நான் ஒரு மாசமான்னேன். அவுக, இல்ல சார், மூணு வருசமான்னாக. சிக்னல்ல நிக்கிறப்ப எந்தக் கை கிளட்ச்சுன்னு மறந்து மறந்து போச்சாம். அதான் அது இல்லாத வண்டியாத் தேடி வாங்குனேன்னு சொல்றாக. கை வலியே இல்லையாம். பக்கத்துல ஒக்காந்திருக்கேன் நானு.

பழைய வண்டின்னா, கிளட்ச்ச மறந்ததும் தெரு முக்குலயே ஆஃப் ஆகி நின்னுருக்கும். இது என்னடான்னா, யாரு ஏறுனாலும் கூட்டிட்டுப் போயிருது.

கையெழுத்தா? ஃபாரத்துல அவுகளே போட்டுட்டாக. காலையில தெளிவா இருந்தாக. வித்துரு கிருபான்னு அவுகதான் சொன்னாக. மத்தியானம் சாவி எங்கன்னு கேட்டாக.

எடுத்துக்கிறீகளா? சரி. இங்கன ஸ்டார்ட் பண்ணாதீக, உள்ள கண்ணசந்திருக்காக. சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்துருவாக. அந்த முக்கு வரைக்கும் உருட்டிட்டுப் போயிருவோம். கனந்தான். நீங்க ஹேண்டில்பார மட்டும் பிடிங்க, நான் பின்னால இருந்து தள்ளுறேன்.