இறங்கும்போது எடுத்த அளவு

இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை, சார். அட்டையை நாலா மடிச்சு அடியில வச்சுட்டேன், இனிமே ஆடாது. நீங்க எழுதுறதுக்கும் வசதி. ஆடுற மேஜை எனக்கு ஆகவே ஆகாது, என் தொழில் அப்படி.

தொழிலைப் பத்திக் கேட்டீங்க. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள காட்மியம் ஆவி இருக்கும். மின்சாரம் விட்டா ஒளிரும். அந்த வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தா, சிவப்புல ஒரே ஒரு கோடு. குழாயைப் பெரிய காந்தத்தோட ரெண்டு முனைக்கு நடுவுல வச்சா, அந்த ஒத்தைக் கோடு மூணாப் பிரியும். நடுக்கோடு அசையாது, மத்தது ரெண்டும் ஆளுக்கொரு பக்கமா விலகும். காந்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு விலகல். இது ஊருக்கே தெரிஞ்ச பழைய விஷயம். நான் கண்டுபிடிச்சது, கணக்கு சொல்றதைவிட அதுக கொஞ்சம் கூடுதலாவே விலகுதுங்கிறது. மயிரிழை வித்தியாசம்தான். பன்னெண்டு வருஷமா என் பொழப்பு அந்த மயிரிழையிலதான் தொங்குச்சு. வர்ற மாசம் பெரிய சபையில அதை அறிவிக்கப் போறதா டைரக்டர் சொல்லியிருந்தார்.

கொக்கி என் சம்சாரத்தோட தம்பி. எதைச் சொன்னாலும் ஒரு கொக்கி போட்டுக் கேப்பான், அதனால வீட்டுல அந்தப் பேரு. லேப்ல அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நல்ல பையன், கை நிதானம். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டான்:

"அத்தான், மின்சாரத்தை ஏத்திக்கிட்டே போகும்போது அளந்தீங்களா, இறக்கிக்கிட்டே வரும்போதா?"

இறக்கும்போதுதான். காலையில காந்தச் சுருள் சூடாகாம இருக்கும். அப்பவே உச்சத்துல ஆரம்பிச்சுப் படிப்படியாக் குறைப்பேன். அது என் பழக்கம்.

"ஆனா எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு பலம்னு போட்ட அட்டவணை, ஏத்தும்போது போட்டதுல்ல? இரும்பு லேசுல விடாது அத்தான். குறைச்சாலும் வாங்கினதுல கொஞ்சத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். நீங்க நினைச்சதைவிடக் காந்தம் பலமா இருந்திருக்கு. கூடுதல் விலகலே இல்ல."

என் சம்சாரம் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை. அவன் தன்மையாத்தான் பேசினான், அதையும் எழுதிக்கோங்க. "நாளைக்கு ஏத்திக்கிட்டே ஒருதடவை அளந்து பார்த்துடுறேன். நான் சொன்னது சரின்னா திங்கக்கிழமை டைரக்டர்கிட்ட நாமளே போய்ச் சொல்லிடலாம். யாரும் சிரிக்க மாட்டாங்க அத்தான்"னு சொன்னான்.

சிரிக்க மாட்டாங்களாம். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லாம இருந்திருக்கலாம்.

எங்க இருட்டறையில வேலை எப்படின்னா, ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே. கோட்டைப் படம் பிடிக்கிற கேமராவைக் குளிர வைக்க உள்ளே திரவ நைட்ரஜன் டேங்க் இருக்கு. அது கசிஞ்சு ஆவியானா மூச்சுக்காத்தைத் துரத்திடும். ஒரு வாசனையும் வராது. அதுக்குத்தான் காத்தை வெளியே இழுக்கிற ஃபேனும் எச்சரிக்கைப் பெட்டியும். ஆனா ஃபேன் ஓடினா அதிர்வுல கோடு கலங்கும், அதனால படம் எடுக்கிற நேரம் நிறுத்திடுவோம். பெட்டியில மினுக்குற வெளிச்சம் படத்தைக் கெடுக்கும்னு அதைக் கதவுக்கு வெளியே மாட்டிட்டோம், மூச்சுக்காத்தை அளக்கிற முனை மட்டும் உள்ளே. கதவு கனம், உள்ளே ஒண்ணும் கேக்காது; சத்தம் வந்தா வெளியே இருக்கிறவர் கதவைத் திறந்து உள்ளே இருக்கிறவரைக் கூப்பிடணும். மத்தபடி வாசல்ல சிவப்பு பல்பு எரிஞ்சா யாரும் கதவைத் தொடக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் உள்ளே, நான் வெளியே. முக்கால் மணி நேரத்துல பெட்டி கத்துச்சு. காதுக்கு இம்சையா இருந்துச்சு, மூடியைத் திறந்து பேட்டரியைக் கழட்டினேன். பெருக்கிக்கிட்டு இருந்த அக்கா ஓடி வந்தாங்க.

"என்ன சார் சத்தம்? தம்பி உள்ளேதானே இருக்கு? திறந்து பார்க்கட்டுமா?"

"சிவப்பு பல்பு எரியுதுல்ல அக்கா. படம் ஓடுது. திறந்தா தம்பியோட மூணு மணி நேர வேலை பாழாப் போயிடும்."

அவங்க தயங்கினாங்க. அப்புறம் துடைப்பத்தை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டாங்க. அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

நான் உட்கார்ந்து பேப்பர் படிச்சேன். சிவப்பு பல்பு விதியை மீறினேன்னு யாரும் சொல்ல முடியாது. அவன் கஷ்டப்பட்டிருக்க மாட்டான் சார், அதைப் பத்தி விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தூக்கம் வர்ற மாதிரி இருக்குமாம். எனக்கு அது பெரிய ஆறுதல்.

போன தடவை உங்ககிட்ட, டேங்க் குழாய் பழசு, தானாக் கசிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். அது பொய். அன்னைக்குக் காலையிலதான் ஃபிட்டர் வந்து சரி பண்ணிட்டுப் போனார். கொக்கி கை கழுவப் போன நேரத்துல நான்தான் மறுபடி தளர்த்தினேன். ரெண்டு திருகு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் நானே வந்து சொல்றேன். வீட்டுலயும் இருக்க முடியல. "நீங்க வெளியதானே இருந்தீங்க"ன்னு என் சம்சாரம் ஒரே ஒருதடவை கேட்டா. அதுக்கப்புறம் என்கிட்டப் பேசவே இல்ல.

இன்னும் ஒண்ணு இருக்கு. போன வாரம், கதவைத் திறந்தே வச்சுக்கிட்டு, அவன் சொன்ன மாதிரி ஏத்திக்கிட்டே அளந்தேன். கூடுதல் விலகல் இல்ல, கோடு மூணும் கணக்கு சொன்ன இடத்துலதான் நின்னுச்சு. ஆனா ஒருதடவை வந்ததை வச்சு முடிவு கட்டக் கூடாது. திறந்த கதவு, வெளிச்சம் வேற. காவலோட வேணும்னாலும் அனுப்புங்க சார், முறையா இன்னொருதடவை அளந்துடுறேன். உள்ளே உட்கார ஒரு ஆள் மட்டும் கொடுங்க, வெளியே நான் பார்த்துக்குறேன்.