பிசையாத மாவும் முறிந்த மணிக்கட்டும்

பேரன்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மேடையை அழகு செய்யும் சங்கத்தின் மூத்த அண்ணன்மார்களே, ஊரை உடுத்தவைத்துவிட்டுத் தங்கள் சட்டைப் பொத்தானைத் தைக்க மறந்து வந்திருக்கும் தையல்கடைத் தோழர்களே, பெற்ற பிள்ளைக்கும் தைத்து மற்ற பிள்ளைக்கும் தைத்துத் தரும் தாய்மார்களே, தங்கைகளே, கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து தேநீருக்காகக் காத்திருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தேநீர் வரும். அதற்கு முன் என் பேச்சு வரும், பொறுத்தருள்க.

‘தொழிலும் கையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார் தலைவர். அருமையான தலைப்பு. ஆனால் நான் பேசப்போவது ரொட்டியைப் பற்றி. தலைவர் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். கேட்டது ஒன்று, தைத்து வந்தது வேறொன்று என்று எத்தனை வாடிக்கையாளர்கள் நம்மிடம் சண்டை பிடித்திருக்கிறார்கள்? இன்று ஒரு நாள் தலைவர் வாடிக்கையாளராக இருந்து பார்க்கட்டும். பக்கத்துச் சமையலறை ஓவனில் ஒரு ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது. அதன் மணி அடித்ததும் என் பேச்சு முடியும். ஆகவே துண்டுச்சீட்டு எழுதி அனுப்பி என்னை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

சென்ற ஆண்டு விழாவில் என்னைக் கண்டீர்களா? காணவில்லை. ஏன் காணவில்லை? மேல் அலமாரியிலிருந்து துணி மூட்டையை இறக்க ஸ்டூலில் ஏறினேன். மூட்டை இறங்கியது, நானும் இறங்கினேன், ஸ்டூல் மட்டும் அசையாமல் நின்றது. மணிக்கட்டு முறிந்தது. எந்தக் கை? அளவெடுத்த கை, வெட்டிய கை, உங்களில் பாதிப் பேருக்குப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுத்த கை. என் வலது கை. கட்டுப் பிரித்தபோது விரல் ஐந்தும் இருந்தன, ஐந்தும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கத்தரிக்குள் விரலை நுழைக்க முடிந்தது, கத்தரியை மூட முடியவில்லை.

அதன்பின் என் வீட்டில் அன்பு பெருகியது. சாதாரண அன்பா? அடக்க முடியாத அன்பு, அசையவிடாத அன்பு, ஆளை எழுந்திருக்கவே விடாத அன்பு! என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். நான் தாகம் என்று நினைப்பதற்குள் தண்ணீரோடு நிற்பார். என் நாத்தனார் எங்களோடு இருக்கும் பள்ளி ஆசிரியை. தலை வாரிவிட்டார், சோறு ஊட்டிவிட்டார், நல்லவேளை, வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. என் மகள் அலுவலகத்திலிருந்து அழைத்து, “அம்மா, எதையும் தொடாதே” என்பாள். காலையில் தொடாதே, மதியம் தொடாதே, மாலையில் தொடாதே. நான் என்ன மின்கம்பியா? மூவரும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். சிரியுங்கள், அவர்களுக்குப் பழக்கம்தான்.

ஆனால் தோழர்களே, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலை செய்து பழகிய உடம்பு பிறர் கையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, எலும்பு முறிந்த வலியைவிடப் பெரிய வலி. ஜன்னலோரம் என் தையல் மெஷின் உறை போட்டு நின்றது. அதைப் பார்க்காமல் அந்த அறையைக் கடக்கக் கற்றுக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கைபேசியில் ஒரு ரொட்டியைப் பார்த்தேன். ஃபோக்காச்சியா என்று பெயர். பெயரைச் சொல்வதற்குள் நாக்கு நாலு முறை புரண்டது. பெயரா முக்கியம்? பிசைய வேண்டாம் என்றார்கள். கேட்டீர்களா தாய்மார்களே, பிசையவே வேண்டாம்! நான்கு கிண்ணம் மாவு, இரண்டு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், கொஞ்சம் உப்பு. கரண்டியால் கிளறு, எண்ணெய் தடவு, மூடி வை, மறுநாள் வரை மறந்துவிடு. கையால் ஆகாத வேலையைக் காத்திருப்பு செய்துவிடும். எனக்காகவே யாரோ கண்டுபிடித்த ரொட்டி என்று மகிழ்ந்தேன்.

வலது கையால்தான் கிளறினேன். விரல்கள் கரண்டியை முழுதாகப் பிடிக்கவில்லை, தோளைச் சுழற்றிக் கிளறினேன். மாவு தளர்ந்து, கரண்டியிலிருந்து வழிந்தது. அது அப்படித்தான் வழிய வேண்டும். மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். நாளைக்கு ரொட்டி என் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்தேன்.

மறுநாள் மாவு கெட்டித்துக் கிடந்தது, என் கை கலந்த லட்சணம் என்று நொந்துகொண்டே ஓவனில் வைத்தேன். வெளியே வந்தது என்ன? ரொட்டியா? இல்லை. இஸ்திரிப் பெட்டி! கத்தி வழுக்கியது, மேசை அதிர்ந்தது. இப்போது சிரிக்கிறோம். அன்று நான் அழுதேன். கரண்டியால் கிளறக்கூட உதவாத கையா கத்தரி பிடிக்கப் போகிறது? வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “மெஷினை வித்துடுங்க” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மெல்லச் சொன்னார்:

“கை மேல பழி போடாதே. தண்ணி குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். மாவு ஒழுகுற மாதிரி இருந்துச்சு. பாவம், அளவு தப்பிடுச்சுன்னு ரெண்டு பிடி மாவைப் போட்டு அடைச்சு வெச்சேன்.”

அடைத்து வைத்தாராம்! ஒழுகினால் அடைப்பதுதானே அவர் தொழில்?

“நீயுமா அண்ணா?” என்றார் நாத்தனார்.

அவரும் திறந்திருக்கிறார், அவரும் பார்த்திருக்கிறார். விடைத்தாளில் பிழை கண்டால் விடுவாரா ஆசிரியை? ஒரு கிண்ணம் மாவைப் போட்டுத் திருத்திவிட்டார். மகள் மட்டும், தான் மாவே போடவில்லை என்று சாதித்தாள். அவள் திறந்தபோதே அது கெட்டியாகத்தான் இருந்ததாம். அம்மாவால் பிசைய முடியவில்லையே என்று, அரைமணி நேரம் ஓங்கி ஓங்கிப் பிசைந்து வைத்தாளாம். பிசையாத ரொட்டியை என் வீட்டில் பிசையாத ஒரே ஆள் நான்தான்.

நான் கோபப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? மாவு போனால் போகட்டும், ரொட்டி போனால் போகட்டும், என் கை தோற்கவில்லை! என் கை கிளறியது சரி, என் கை கலந்தது சரி, என் கை நம்பியது சரி! கெடுத்தது அவர்களுடைய அன்பு. அதைவிட இனிய செய்தியை அந்த ஆண்டு முழுதும் நான் கேட்கவில்லை.

அன்றே மறுபடி கிளறினேன். வீட்டில் ஊரடங்கு பிறப்பித்தேன். ஃபிரிட்ஜை எவரும் திறக்கக்கூடாது, தாகம் எடுத்தால் குழாயில் குடியுங்கள், வீட்டிலேயே குழாய்க்காரர் இருக்கிறார் என்றேன். மறுநாள் மூடியைத் தூக்கினால், மாவு இரண்டு மடங்காகி, குமிழி குமிழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றிய தட்டில் சரித்தேன். தானாகப் பரவி, தானாக உப்பி உட்கார்ந்தது. இனி ஒரே ஒரு வேலை. விரல் நுனிகளால் அழுத்திக் குழி போட வேண்டும்.

மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, தினமும் அழுத்தச் சொல்லியிருந்தார்கள். நான் அழுத்தினால் அது என்னை எதிர்த்து அழுத்தும். கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டேன். மாவு அப்படியா? எதிர்க்கவில்லை. ஆள்காட்டி விரல் இறங்கியது. நடுவிரல் இறங்கியது. மோதிர விரல் யோசித்து, பிறகு இறங்கியது. சுண்டு விரல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மூவரும் என்னைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவரும் கை நீட்டவில்லை. என் வீட்டுக்காரர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் எனக்குச் செய்த உதவிகளில் மிகப் பெரிய உதவி அதுதான்.

சுண்டு விரலும் இறங்கியது.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் ரொட்டி. விரல்கள் இளக இளக ரொட்டி, ரொட்டி உப்ப உப்ப விரல்கள். சென்ற வாரம் மெஷினின் உறையை எடுத்தேன். மகளுக்கு ஒரு சட்டை வெட்டினேன். கத்தரி மூடியது தோழர்களே! கோடு சற்று வளைந்தது. வளைந்ததைத் தையலில் மறைப்பது நமக்குத் தெரியாத வித்தையா?

ஆகவே கேட்கிறேன். விழுந்தவரைத் தூக்குவது அன்பு, யார் மறுப்பார்? ஆனால் எழப் பார்க்கிறவரைப் பிடித்து உட்கார வைப்பதும் அன்பா? உங்கள் கடையில் கை நடுங்கும் தோழர் இருக்கிறாரா? ஊசியைப் பிடுங்காதீர்கள். உங்கள் வீட்டில் மெல்ல நடப்பவர் இருக்கிறாரா? முந்தி ஓடாதீர்கள். கேட்டால் கொடுங்கள், கேட்கும்வரை பொறுங்கள், பொறுக்க முடியாவிட்டால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்!

இதோ, மணி அடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் முன்வரிசையில் எழுந்தும் எழாமலும் தவிக்கிறார். நான் பேசத் தொடங்கியதிலிருந்து மூன்றாவது முறை. இப்போது எழுந்திருங்கள். அந்தத் தட்டு கனமானது, சூடானது, அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். என்னிடம் ஒன்றே முக்கால்தான் இருக்கிறது. நானே கேட்கிறேன், வாங்க, வந்து பிடிங்க.

வாய்ப்பளித்த தலைவருக்கும், வாசனை வந்த பிறகும் எழுந்து ஓடாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. துண்டு போட்டுக் கொடுப்பார்கள், வாங்கியதும் வாயில் போடாமல் ஒருமுறை பாருங்கள். ஆழமான குழி என் இடது கை போட்டது. ஆழம் குறைந்த குழி யாருக்குக் கிடைக்கிறதோ, அவர் மெதுவாக, ருசித்துச் சாப்பிடுங்கள். அது என் வலது கை. அந்தக் கையோடு இந்தக் கையையும் சேர்த்துச் சொல்கிறேன், வணக்கம்.