ரெண்டு ரயில் சேர்ந்து வராது

பெட்ரோல் விக்கிற விலையில நான் ஏன் பாலம் சுத்தி ஆபீஸ் போறேன்னு என் வீட்டுக்காரி லோகநாயகி தினம் தொணதொணப்பா. எங்க தெரு முனையிலேயே ரயில்வே கேட் இருக்கு, சார். எனக்கு அங்க நிக்கவே பிடிக்காது. மூடின கேட்டுக்கு அடியில தலையை விட்டு நுழையறதும், கண்ட இடத்துல எச்சில் துப்பறதும், சே, மனுஷங்களா அதுங்க.

விசாரிக்க வந்திருக்கீங்க, சொல்லிடறேன். அம்பத்தூர் ஆபீஸ்ல என் வேலை இதுதான். ரயில் கிட்ட இருந்தா கேட்டைத் திறக்க விடாத பூட்டு எப்படி நடந்துக்கும்னு முழுசாக் கணக்கா எழுதி கம்ப்யூட்டர்ல கொடுப்பேன். ரயில் எப்ப வந்தாலும் பூட்டு விட்டுக்கொடுக்காதுன்னு அது நிரூபிச்சா பச்சை. ஓட்டை இருந்தா சிவப்பு.

சிவப்பு வந்துச்சு. ஒரு ரயில் கடந்து முடியற நேரம் எதிர்ப்பக்கம் இன்னொண்ணு வந்தா, பூட்டு விட்டுடும். சரி பண்ணணும்னா முதல்லேர்ந்து செய்யணும். மேனேஜர் பரந்தாமன், ஆயுத பூஜைக்குள்ள மாட்டியாகணும்னு தலைமேல நின்னாரு. எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. நடக்கவே நடக்காத விஷயத்தை, நடக்காதுன்னு முன்கூட்டியே கணக்குல எழுதிக்கலாம். நானும் ஒரு வரி எழுதினேன். ரெண்டு ரயில் சேர்ந்து வராது. உடனே பச்சை.

கூட வேலை பாக்கற பவித்ரா மூஞ்சியைச் சுளிச்சா. "இன்னா சார் இது? காலைல டெய்லி ரெண்டு வண்டி சேந்துதான வருது. நான் அதுலதான வந்துகினு கீறேன்."

"உன் வேலையைப் பாரும்மா"ன்னேன். ஆயுத பூஜைக்கு முன்னாடியே எங்க தெரு முனை கேட்ல அந்தப் பூட்டை மாட்டிட்டாங்க.

பொங்கல் கழிச்சு ஒரு நாள் காலைல, ஒண்ணு கடந்து முடியற அதே நொடிக்கு ரெண்டும் சேர்ந்து வந்துச்சு. முதல் ரயில் போனதும் கேட்மேன் வேம்புலி கைப்பிடியைத் திருப்பினான். பூட்டு விட்டுச்சு, கேட் ஏறிச்சு. திருமழிசை கம்பெனிக்கு ஷேர் ஆட்டோவுல போன எல்லம்மாங்கற பொம்பளையையும் மத்தவங்களையும் கூடையிலதான் அள்ளினாங்க.

வேம்புலி குடிச்சிட்டுத் திறந்தான்னு சொன்னாங்க. பூட்டு பச்சைன்னு நான் சாட்சி சொன்னேன். பொய் இல்லையே, பச்சைதானே. அவன் என் காலைக் கட்டிக்கிட்டு மூக்கு ஒழுக அழுதான். அந்தப் பேன்ட்டை அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்.

அவன் குடிக்கல, சார். விட்டது பூட்டு. விட வெச்சது என் வரி. ஆனா இப்படி ஆகும்னு சத்தியமா நான் நெனைக்கல.

பாலம் சுத்தறது அந்த எச்சில் நாத்தத்துக்காகத்தான். என் பொண்ணையும் அந்தப் பக்கம் விடறதில்ல. புதுப் பூட்டு மாட்டின அன்னிலேர்ந்துதான் அந்த நாத்தம் ஆரம்பிச்சுது.