ஐந்தரை மணி நேரம்

என் பெயர் கிரிதர் ஹெப்பார். வயது 41. தகப்பனார் பெயர் அனந்த ஹெப்பார். பெங்களூரு வித்யாரண்யபுரத்தில் மனைவி, மகளுடன் குடியிருக்கிறேன். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் தனியார் கம்பெனி ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இந்தத் திங்கட்கிழமை முதல் வேலையில் இல்லை. என்னை யாரும் அழைத்து வரவில்லை. சிறையில் இருக்கும் நர்ஸ் நாகவேணி தவறு செய்யவில்லை, தவறு என்னுடையது என்பதைச் சொல்ல நானாகவே 22.2.2024 அன்று இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

நாகவேணி வேலை பார்த்த மருத்துவமனையில் எங்கள் கம்பெனியின் மென்பொருள்தான் பதினோரு ஆண்டுகளாக ஓடுகிறது. நோயாளியைச் சேர்ப்பது, டாக்டர் உத்தரவு, நர்ஸ் மருந்து கொடுத்த பதிவு, பில் எல்லாமே ஒரே நிரல், ஒரே கட்டி. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய சர்வரில் அது இருந்தது. ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் உடையும். போன வருடம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு கண்டெய்னரில் அடைத்து, கிளவுடுக்கு ஏற்றுவது என்று கம்பெனி முடிவு செய்தது. கண்டெய்னரை நாங்கள் டப்பா என்போம். நிரலும் அது ஓடுவதற்கு வேண்டிய சாமான்களும் அதற்குள் இருக்கும். கிளவுட் என்பது வேறு யாருடைய கம்ப்யூட்டர்களோ, நாம் வாடகைக்கு இருக்கிறோம், அவ்வளவுதான். இந்த இடத்தில் சப் இன்ஸ்பெக்டர் அம்மா, “சார், க்ளாஸ் எடுக்காதீங்க, நடந்தத சொல்லுங்க” என்றார். இது தெரியாமல் நடந்தது புரியாது என்று சொன்னதன் பேரில் எழுதிக்கொண்டார்கள்.

முதலில் மருந்துப் பதிவுத் துண்டை மட்டும் ஏற்றுவது, டாக்டர் உத்தரவுத் துண்டு பழைய சர்வரிலேயே மூன்று மாதம் இருக்கட்டும் என்று என் மேலாளர் சந்தேஷ் குல்கர்னி சொன்னார். டப்பா தயாரித்தது நான். அதன் பிறகு எங்கள் டீமில் யார் டப்பா சிறியது என்று ஒரு போட்டி கிளம்பியது. சிறியதாக இருந்தால் சீக்கிரம் கிளம்பும், பெருமையாகவும் இருக்கும். என் டப்பா நூற்றுப் பதினெட்டு எம்பி, அதாவது மெகாபைட், இருந்தது. குல்கர்னி அதைப் பார்த்து, “என்ன ஹெப்பாரே, டப்பாவா இது, சத்திரமா? நூறுக்குள்ள கொண்டு வாங்க குரு, மானம் போகுது” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு தேவையில்லை என்று தோன்றிய ஒவ்வொன்றையும் பிடுங்கி எறிந்தேன். அப்படி எறிந்தவற்றில் ஊர் நேரங்கள் இருக்கும் கோப்பும் ஒன்று. அது இல்லாவிட்டால் டப்பா லண்டன் நேரத்தைத்தான் வைத்துக்கொள்ளும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இது எனக்குத் தெரியும். பழைய சர்வர் பதினோரு ஆண்டுகளாகச் சரியான நேரம் காட்டியதால், நேரத்தைப் பற்றி யோசிக்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. டப்பா தொண்ணூற்றாறு எம்பிக்கு வந்தது. கைதட்டினார்கள். எல்லோருக்கும் மசால் தோசை வந்தது, நானும் இரண்டு தின்றேன்.

11.2.2024 ஞாயிறு காலை டப்பாவைக் கிளவுடில் ஓட விட்டோம். புதிய மெஷின் வந்தால் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். இதில் குங்குமம் வைக்க ஒன்றும் இல்லாததால் குல்கர்னியின் லேப்டாப்பில் வைத்தார்கள். சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஏனென்றால் நர்ஸ் பார்க்கும் திரையில் தெரிவது அந்த வார்டு கம்ப்யூட்டரின் நேரம். உள்ளே பதிவாவதும் அச்சில் வருவதும் டப்பாவின் நேரம். அச்செடுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

13.2.2024 செவ்வாய்க்கிழமை ருத்ரப்பா என்ற அறுபத்திரண்டு வயது இதய நோயாளிக்கு ஓர் ஊசி போடும்படி டாக்டர் பிற்பகல் 1.25 மணிக்கு உத்தரவு பதிந்தார். நாகவேணி 1.40க்கு ஊசி போட்டு, போட்டதாகப் பதிந்தார். அதன் பிறகு நான்கு மணிக்கு ருத்ரப்பா இறந்துவிட்டார். மறுநாள் அவர் மகன்கள் புகார் கொடுத்தார்கள். இந்த நிலையத்திலிருந்து போய் அச்செடுத்துப் பார்த்ததில் டாக்டர் உத்தரவு 13.25 என்றும் ஊசி போட்டது 08.10 என்றும் இருந்தது. உத்தரவே இல்லாமல் காலையிலேயே தானாக ஊசி போட்டுவிட்டார் என்று முடிவாயிற்று. டாக்டர், “நான் ஆர்டர் போட்டது ஒண்ணு இருபத்தஞ்சுக்கு. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சோ, எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டார். ஊசி போடும்போது டாக்டரும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்ததாக நாகவேணி சொல்கிறார். ருத்ரப்பாவின் பதிவுக்கு மட்டும் சீல் வைக்கப்பட்டது. நாகவேணியைக் கைது செய்தார்கள்.

15.2.2024 வியாழன் காலை கேண்டீனில் ஒரு காபியை இருவர் பங்கிடும் பை-டூ காபி குடித்துக்கொண்டிருந்தபோது, வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்த அச்சுத் தாளைப் பார்த்தேன். 08.10. அதோடு ஐந்தரையைக் கூட்டினேன். 13.40 வந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

உடனே குல்கர்னியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “வெளிய யார்கிட்டயாவது மூச்சு விட்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நல்லது. மொதல்ல டப்பாவ மாத்துங்க” என்றார். எங்கள் தொழிலில் டப்பாவைத் திறந்து பழுது பார்ப்பது கிடையாது. பழையதைக் கொன்றுவிட்டுப் புதியதை வைப்போம். பழைய டப்பாக்கள் இடத்தை அடைக்கக் கூடாதென்று அவை தானாக அழியும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன். நேரம் திருத்திய புதிய டப்பா நான்கு நிமிடத்தில் ஓடியது. பழையது போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு இருந்த நேரடிச் சாட்சி அதுதான் என்று டப்பா போன பிறகுதான் உறைத்தது. பழைய சர்வராக இருந்தால் போலீசார் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்திருக்கலாம்.

அதன் பிறகு குல்கர்னி, ஞாயிறு முதல் வியாழன் வரை பதிவான எல்லா நேரங்களோடும் ஐந்தரை மணியைக் கூட்டச் சொன்னார். எல்லா நோயாளிகளையும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் பதிவுகள். அத்தனையும் இதே போலத் தவறாகத்தான் இருந்தன. ருத்ரப்பாவின் பதிவு என்னாவது என்று கேட்டேன். “மாராயா, போலீஸ் சீல் வச்சதத் தொட்டா நீயும் நானும் உள்ள போகணும். அத விட்டுட்டு மத்தத சரி பண்ணு” என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரியாகப் பட்டது. கூட்டினேன். ருத்ரப்பா ஒருவரை விட்டுவிட்டு மற்ற எல்லோருடையதும் சரியாயிற்று. இப்போது யார் போய்ப் பார்த்தாலும் அந்த மருத்துவமனையில் அந்த வாரம் நேரம் தப்பிப் பதிந்தது நாகவேணி ஒருத்திதான். அதைச் செய்தது இந்தக் கைதான். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று பார்த்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை இதையெல்லாம் எழுதிக் கம்பெனித் தலைமைக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. திங்கட்கிழமை காலை என் அடையாள அட்டை வாசல் கதவைத் திறக்கவில்லை. வாசல் செக்யூரிட்டி, “மேலேர்ந்து சொல்லிட்டாங்க சார், நான் என்ன பண்ண?” என்று உள்ளே இருந்த என் சாப்பாட்டுப் பையை மட்டும் வாங்கி வந்து கொடுத்தார். டப்பாவிலிருந்து எதை எப்போது எடுத்தேன் என்ற வரலாறும், ஐந்தரை கூட்டிய நிரலும் கம்பெனி நிரல்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தில் இருக்கின்றன. இன்று வரை அழித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. அவற்றை உடனே கைப்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று சிறைக்குப் போய் நாகவேணியைப் பார்த்தேன். அவருக்கு வயது 29, ஊர் அரசிகெரெ பக்கம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப நான் மத்தியானம்தான் போட்டேனா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “எல்லாரும் கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஞாபகம் வர ஆரம்பிச்சுடுச்சு. காலையில போட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் சார்” என்றார்.

அந்த வாக்குமூலம் இதே நிலையத்தில், இதே மேசையில், இதே ரைட்டர் எழுதியது. அவருக்கும் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது பொய். இது உண்மை. எனக்கும் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கிரிதர் ஹெப்பார்