கம்பளிக்குள் வந்த கார்டு

“கம்பளியில இருந்து அதை உருவாதட்டி, செத்துப் போயிரும்!” என்று ஓர் அண்ணன் தன் தங்கையிடம் பதறியபோதுதான் இதை எழுதத் தோன்றியது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்து. வெளியே சாரல். எனக்கு முன் இருக்கையில் அவனும், மடியில் கம்பளிச் சுருட்டோடு அவன் தங்கையும்.

“ஏன், உள்ள கோழிக்குஞ்சா இருக்கு?” என்று அவனிடம் கேட்டேன்.

“கிராபிக்ஸ் கார்டு. இவளுக்கு நான் மாட்டுத கம்ப்யூட்டர்ல படம் ஓடுததுக்கு. ஆன்லைன்ல துபாய் மாமா ரூமுக்கு வரவச்சேன். ஊருக்கு வரும்போது மாமா, பெட்டியில எடத்தை அடைக்குதுன்னு அட்டையையும் கரண்டு ஏறாம காக்குத கவரையும் தூரப் போட்டுட்டு, கம்பளியில சுத்திக் கொண்டாந்திருக்காவ. கம்பளி உரசுனா கரண்டு ஏறும். கார்டு அவ்வளவுதான்.”

“கடையில ரெடியா இருந்த கம்ப்யூட்டரை வாங்குன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். திங்கக்கிழமை எனக்கு அனிமேஷன் வேலை ஆரம்பிக்கு. சிஸ்டம் ஓடலேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவாவ,” என்றாள் தங்கை.

“கடைக்காரன் உள்ள என்னத்தப் போட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்?”

“நீ பாத்துப் பாத்து வாங்குன லட்சணம்தான் என் மடியில கெடக்கே!”

நானும் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி மாட்டியவன்தான். அவன் பயம் எனக்கும் தெரியும்.

இறங்கும் இடம் வந்ததும் அவன் குரலைத் தணித்தான். “வீட்டுக்குப் போனதும் ஒடம்புல ஏறுன கரண்டு எறங்க ரெண்டு பேரும் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கிடுவோம். நீ கம்பளியை மெதுவா விரி, நான் கார்டோட ஓரத்தைப் பிடிக்கேன். மாட்டிட்டு சுவிட்சைப் போட்டுப் பாப்போம்.”

“சுவிட்சை நான் போடுதேன்,” என்றாள் தங்கை. “என் வேலை போனா, என் கையால போனதா இருக்கட்டும்.”