மாட்டுப்பட்டியில அப்பா

ஒரே ஒரு மலையில ஒரே ஒரு கவ்வாத்துக்காரன் இருந்தானாம்னு கத மாதிரித்தான் ஆரம்பிக்கணும்ணே, எங்கப்பாவப் பத்திக் கேட்டீங்கன்னா. உள்ள டாக்டர்கிட்ட இருக்காரே, அவருதான். செல்லசாமி. லிந்துலைப் பக்கம் எங்க தோட்டம். முப்பது வருசம் குனிஞ்சு தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுன இடுப்பு, வலிக்கத்தானே செய்யும்னு தைலம் தேச்சு வுட்டோம். பாத்தா புரஸ்டேட்டுல கேன்சர். எலும்பு பூரா எறங்கிருச்சு.

கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயி கதிர் மருந்து ஊசி போட்டோம். ரத்தத்துல ஏறி, நேரா எலும்புல போயி ஒக்காந்துக்குமாம். ஆமாண்ணே, வலி நல்லாக் கொறஞ்சிச்சு. ஆனா ஒடம்புலருந்து கதிர் வீசுமாம். புள்ளத்தாச்சி, சின்னப் புள்ளைங்க கிட்ட வரப்படாது, கக்கூசுல ரெண்டு தடவ தண்ணி ஊத்தணும்னாங்க. லயத்துல எங்களுக்கு ஒரே காம்பரா, அந்த ஒத்த அறையிலதான் எல்லாரும். கக்கூசு ஆறு வீட்டுக்கு ஒண்ணு. என் சம்சாரம் கிருஷாந்திக்கு அப்ப எட்டு மாசம். கொழும்பு டாக்டருக்கு லயத்தப் பத்தி என்னா தெரியும்?

லயத்துக்குப் பின்னால மாட்டுப்பட்டி சும்மா கெடந்துச்சு. அப்பாவ அங்க வச்சோம்.

அப்பிடிப் பாக்காதீங்க. தகரம் மாத்துனேன், கட்டில் போட்டேன். பயத்துல அவரு எனக்கு மேல. சோத்தக் கல்லுல வச்சிட்டு எட்டப் போடான்னு என்னயவே வெரட்டுவாரு. பேத்தி பொறந்து நாலு மாசம். தண்ணி புடிக்கிற பீலிக்கரையில நின்னு எட்டருந்து பாக்குறதோட சரி. மூக்கு யாரு மாதிரிடான்னு கேப்பாரு. ஒங்க மூக்குதான், பாவம்னுவேன். சிரிப்பாரு.

எத்தன நாளைக்கா? ஆறு மாசம். இன்னும் ஒரு மாசந்தான்னு வெரல மடக்கிட்டு இருக்காரு.

டாக்டரு சொல்லல. நான் சொன்னேன். கொழும்புல குடுத்த காயிதம் இங்கிலீசு, சிங்களம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதுல ஏழு நாள்னுதான் இருந்துச்சு.

ஊசிக்கு முன்ன ராவெல்லாம் மொனகல்ணே. ஒரே காம்பராவுல, வயித்துப் புள்ளக்காரிய வச்சிக்கிட்டு, நீங்க ஒரு மாசம் படுத்துப் பாருங்க. அப்பறம் சொல்லுங்க. வலி நின்னப்பறம் கூட்டிட்டு வந்துருக்கலாம். அவரு இல்லாம காம்பரா கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சிச்சு. விட்டுட்டேன்.

இவ்வளவு நாளும் இந்த கிளினிக்குல சிங்கள டாக்டரு. அவரு சொல்றத நாந்தான் தமிழ்ல சொல்லுவேன். இன்னைக்கு வந்திருக்கது தமிழ் டாக்டரு. நீங்க வெளிய இருங்க தம்பின்னுட்டாரு. கால் மணி நேரமாச்சு.

வாராரு.

அப்பா, இங்க இருக்கேன். டாக்டரு என்னா சொன்னாரு?

அப்பா.

அங்குட்டு எங்க போறீங்க? பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம்பா.