மூணாவது பேரிங்

ஜெபத்துக்கு முன்னாடி ஒரு லாரிக் கதை சொல்லிக்கிறேன்... சின்னதுதான். என் சம்சாரம் ரெஜினாவோட நினைவு நாள்ல எதுக்கு லாரிக் கதைன்னு நினைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சது என்ஜின்தான். அதை வெச்சுத்தான் பேச வரும்.

சங்ககிரியில பழனியப்பன்னு ஒரு லாரி ஓனர். ஒரு வண்டிக்கு என்ஜினை முழுசாப் பிரிச்சு, புதுசாக் கட்டி எடுத்தாரு. கட்டுனது மாதப்பன். நல்ல மெக்கானிக். வண்டியை எடுத்துட்டுப் போனது டிரைவர் சின்னராசு. தொப்பூர் மேடு ஏறும்போது கடகடன்னு சத்தம்... அப்புறம் என்ஜின் இறுகி நின்னுபோச்சு.

பட்டறைக்குக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. வந்ததும் சின்னராசுகிட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? என்ஜினுக்கு என்ன ஆச்சுன்னு இல்ல. "நீ என்னடா பண்ணுன?"

"ஆயில் பாத்துட்டுத்தானுங்க எடுத்தேன்."

"பாத்தியா? கண்ணை எங்க வெச்சுப் பாத்த? போன்லயா?" இது ஓனர்.

மாதப்பன் சிரிக்கிறாரு. "கல்லு மாதிரி கட்டிக் குடுத்தேனுங்க. இவன் ஆயிலை வண்டிக்கு ஊத்துனானோ, தலைக்குத் தேச்சுக் குளிச்சானோ."

பட்டறையே சிரிச்சுது. சின்னராசு திரும்பத் திரும்பச் சொன்னான். யாராவது கேட்டாங்களா? கேக்கல. கடைசியில அவனே, "சரிங்க... நாந்தானுங்க. பாக்காம விட்டிருப்பேன்"னுட்டான். செய்யாததை ஒருத்தன் ஏன் ஒத்துக்கறான்? பேசிப் பேசி ஓஞ்சு போயிடறான்... அவ்வளவுதான்.

பிரிச்சுப் பாத்துச் சொல்லுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. அடியில ஆயில் தொட்டியைக் கழட்டுனேன். ஆயில் நிறைய இருந்துச்சு. என்ஜின் தண்டைத் தாங்குற பேரிங்கை ஒவ்வொண்ணாக் கழட்டுனேன். முதலாவது பளபளன்னு இருக்கு. ரெண்டாவது பளபளன்னு இருக்கு. மூணாவது... கருகிக் கிடக்கு. நாலாவது மறுபடி பளபள.

யோசிங்க. ஆயில் இல்லாம ஓட்டியிருந்தா எல்லாமே தேஞ்சிருக்கணும். ஒண்ணு மட்டும் ஏன் கருகுது?

அந்தப் பேரிங் மேல பாதி, கீழ பாதின்னு ரெண்டு துண்டா இருக்கும். மேல் துண்டுல ஆயில் வர ஒரு ஓட்டை உண்டு. கீழ்த் துண்டுல கிடையாது. மூணாவதுல ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கு. ஆயில் வர்ற வழியையே அடைச்சாச்சு.

மாதப்பன் அதைக் கையில வாங்குனாரு. அப்புறம் மெதுவா, "ராகு காலத்துக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடணும்னு ஓனர் நின்னாருங்க... அவசரத்துல நாந்தான் மாத்திப் போட்டிருக்கேன்"னாரு.

ஓனர் தரையைப் பாக்கறாரு. சிரிச்சவங்க எல்லாம் ஸ்பேனரைத் துடைக்கறாங்க. துடைச்சதையே துடைக்கறாங்க. சின்னராசு கோவப்படல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்.

"குடிச்சுட்டு ஓட்டுனியான்னு என் சம்சாரமே கேட்டுதுங்க. உங்கள்ல யாராச்சும் வீட்டுக்கு வந்து சொல்றீங்களா?"

அப்ப அங்க நின்னவங்க வெக்கத்தை நான் கண்ணால பாத்தேன்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். தலைப்பிரசவம்னு ரெஜினாவை அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். பிரசவம் முடிஞ்சு அங்கயே நம்மளை விட்டுப் போயிட்டா. அன்னையிலிருந்து இந்த ஊரு அவளைப் பெத்தவங்ககிட்ட, எங்க அத்தைகிட்ட என்ன கேக்குது? "என்ன சாப்பாடு குடுத்தே? ஏன் எந்திரிச்சு நடக்க விட்டே? ராத்திரி தூங்கிட்டியா?" கேட்டவங்க இங்கயே உக்காந்திருக்கீங்க. நானும் பக்கத்துல நின்னு, தடுக்காமக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

போன வாரம் அத்தை என்கிட்ட, "ஆமா மாப்ள, நாந்தான் சரியாப் பாக்கல"ன்னாங்க.

டாக்டர் சொன்னதை எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. ரத்தம் கட்டி நுரையீரல்ல போய் அடைச்சிருக்கு. அது வரப்போகுதுன்னு வீட்டுல இருக்கறவங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தப்பு சாப்பாட்டுல இல்ல. தூக்கத்துல இல்ல. அத்தைகிட்ட இல்ல.

என்ன ஆச்சுன்னு பாக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல நின்ன ஆளைப் பிடிச்சுக்கிட்டோம். இரும்புக்குக் காட்டுற பொறுமைகூட ஒரு தாய்க்குக் காட்டல. நமக்கு வெக்கமா இருக்கணும்... எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அத்தை அந்தக் கடைசி வரிசையில, சுவரோரமா உக்காந்திருக்காங்க. ரெண்டு பக்கமும் நாற்காலி காலியா இருக்கு பாருங்க. நம்ம சர்ச் ஐயர் ஜெபம் பண்றதுக்கு முன்னாடி அது நிறையணும்.

நான் முதல்ல போறேன்.